சளி உறிஞ்சல், ஆக்சிஜன், குழாய்ப் பால்: இதுவா சிகிச்சை?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஐந்து மாதக் குழந்தை, எடை 6 கிலோ. இரண்டு நாள் மூக்கொழுகல், பிறகு இருமல், இழுப்பு, பால் குடிக்க முடியாமல் அட்மிட். மூக்கில் எடுத்த ஸ்வாபில் ஆர்.எஸ்.வி. (மூச்சுப்பாதையைத் தாக்கும் ஒரு வைரஸ்), சாதாரண சளி தரும் ரைனோ வைரஸ் இரண்டும் பாசிட்டிவ். ஆன்டிபயாடிக் தரவில்லை. முதல் நாள் வைத்த நெபுலைசரையும் மறுநாள் நிறுத்திவிட்டார்கள். மூக்கில் ஆக்சிஜன், வயிற்றுக்குப் போகும் குழாயில் பால், அவ்வப்போது சளி உறிஞ்சல், அவ்வளவுதான். மூக்கொழுகல் தொடங்கி இன்று நான்காம் நாள். அட்மிட் ஆன அன்று இருந்ததைவிடக் குழந்தை சோர்ந்திருக்கிறது. இது சிகிச்சைதானா, சும்மா வைத்திருக்கிறார்களா?

சிகிச்சைதான். ஆர்.எஸ்.வி.யை நேரடியாக அழிக்கும், வார்டில் எல்லாக் குழந்தைக்கும் கொடுக்கக்கூடிய மருந்து இன்றுவரை கிடையாது. வைரஸை உடம்பே விரட்டிவிடும். அதுவரை மூச்சும் தண்ணீர்ச்சத்தும் குறையாமல் குழந்தையைத் தாங்கிப் பிடிப்பதுதான் ஆஸ்பத்திரியின் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் செய்யாத மாதிரி தெரியும். ஆனால் சரியாகச் செய்ய நிறையக் கவனம் வேண்டிய வேலை.

ஏன் மருந்து எடுபடுவதில்லை என்று தெரிய, நுரையீரலுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். ப்ரான்கியோலைட்டிஸ் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பார்கள். மிகச் சிறிய மூச்சுக்குழல்களின் அழற்சி. வைரஸ் அந்தக் குழல்களின் உள்தோல் செல்களில் பெருகுகிறது. செல்கள் செத்து உரிந்து குழலுக்குள்ளேயே விழுகின்றன. அதோடு சளி சேர்கிறது, குழலின் சுவரும் வீங்குகிறது. சளியை மேலே தள்ளிவிடும் நுண்மயிர்களும் உரிந்த செல்களோடு போய்விடுவதால் குப்பையை வெளியேற்ற ஆளில்லை.

இதில் குழந்தையின் அளவுதான் வில்லன். கணக்குக்கு 4 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழலை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் மிஞ்சுவது 2 மி.மீ. காற்று போகும் பரப்பில் 75% போய்விட்டது. காற்றோட்டத்துக்கான தடை 16 மடங்கு. பெரியவர்களின் 8 மி.மீ. குழலில் அதே 1 மி.மீ. வீக்கம் வந்தால் தடை சுமார் 3 மடங்குதான். அம்மாவுக்கு இரண்டு நாள் மூக்கடைப்போடு போன அதே வைரஸ் குழந்தையை ஆக்சிஜனில் படுக்க வைப்பது இதனால்தான்.

நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால், குழலைச் சுற்றியுள்ள தசை இறுகியிருந்தால் அதைத் தளர்த்தும். இங்கே குழலை அடைப்பது உரிந்த செல்லும் சளியும் வீக்கமும். தசையைத் தளர்த்தி என்ன பயன்? ஆய்வுகளிலும் ஆஸ்பத்திரியில் தங்கும் நாள் குறையவில்லை. இதயத்துடிப்பும் கைநடுக்கமும் கூடியதுதான் மிச்சம். ஸ்டீராய்டுக்கும் இதே கதி. அட்ரினலின் நெபுலைசரை வார்டில் வழக்கமாக வைப்பதையும் வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பதில்லை. 3% உப்புநீர் நெபுலைசர் பற்றி மட்டும் முடிவுகள் கலவையாக இருக்கின்றன. சில இடங்களில் வைப்பார்கள், சில இடங்களில் மாட்டார்கள். இரண்டையும் குறை சொல்ல முடியாது. முதல் நாள் ஒரு டோஸ் வைத்துப் பார்த்து, மாற்றமில்லை என்று நிறுத்தியிருந்தால் அந்த டாக்டர் நிதானமாக யோசிக்கிறவர் என்று அர்த்தம்.

முதுகில் தட்டிச் சளி எடுப்பதும் இந்த நோயில் உதவுவதில்லை. ஏற்கெனவே மூச்சுக்குப் போராடும் குழந்தையை அது இன்னும் களைப்பாக்கும். ஆவி பிடிக்க வைப்பதில் கொதிநீர்க் காயம் மட்டுமே நிச்சயம்.

நான்காம் நாள் மோசமாக இருப்பதற்கு வருவோம். இந்த நோயில் முதலில் கேட்க வேண்டிய எண் 'எத்தனையாம் நாள்' என்பது. அட்மிட் ஆன நாளிலிருந்து எண்ணக்கூடாது. மூக்கொழுகல் தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் வெறும் சளி. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை உச்சம். அதன் பிறகு மெல்ல இறங்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அட்மிட் ஆகும் குழந்தை, எவ்வளவு நல்ல கவனிப்பு இருந்தாலும், சரியாவதற்கு முன் ஒரு படி மோசமாவது சகஜம். ஏழாம் நாளில் மோசமாகும் குழந்தை வேறு ரகம். அங்கே புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

படுக்கை அருகில் இருப்பவர் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். மூச்சை எண்ணுவதென்றால் சட்டையைத் தூக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகும். கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. அழும்போதோ பால் குடித்த கையோடோ எண்ண வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில், இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும், 2 முதல் 11 மாதம் வரை 50-ம் மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் மேலும் போனால் வேக மூச்சு. எண்ணிக்கையோடு விலா இடைவெளிகளும் தொண்டைக்குழியும் உள்வாங்குகின்றனவா, மூக்குத்துவாரம் விரிகிறதா, மூச்சுக்கு மூச்சு தலை ஆடுகிறதா, மூச்சு விடும்போது முனகல் வருகிறதா என்றும் பாருங்கள். முனகலை அலட்சியம் செய்யவே கூடாது. நுரையீரல் மூடிக்கொள்ளாமலிருக்கக் குழந்தை தன் குரல்வளையை இறுக்கித் தானே அழுத்தம் கொடுத்துக்கொள்கிறது என்று பொருள்.

அனுபவமில்லாதவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மணிக்கணக்காக 70 மூச்சு விட்ட குழந்தை திடீரென்று 35-க்கு இறங்குகிறது, உள்வாங்கல் குறைகிறது, அழுகை நின்றுவிடுகிறது. 'அப்பாடா, தூங்கிவிட்டான்' என்று தோன்றும். தூக்கிப் பார்த்தால் துவண்டு கிடக்கும், கண்ணோடு கண் பார்க்காது. இது குணமாவது அல்ல, தசைகள் ஓய்ந்துபோவது. இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கும். உண்மையாகத் தேறும் குழந்தையின் மூச்சு குறையும்போது முகம் தெளியும், பால் கேட்கும், விளையாட்டுக் காட்டினால் பார்க்கும். மூச்சு குறைந்து விழிப்பும் குறைந்தால் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளும் குறைமாதத்தில் பிறந்தவர்களும் இன்னொரு வகையில் ஏமாற்றுவார்கள். இருமலோ இழுப்போ பெரிதாக வராமல், மூச்சு 20 விநாடிக்கு மேல் நின்றுபோவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். 'லேசான சளிதானே' என்று இவர்களை வீட்டுக்கு அனுப்பத் தயங்குவது இதனால்தான்.

ஆக்சிஜன் விஷயத்தில் எல்லோர் கண்ணும் மானிட்டரிலேயே இருக்கும். ஆறு வாரத்துக்கு மேற்பட்ட, வேறு நோயில்லாத குழந்தைக்கு இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 90%-க்குக் கீழ் தொடர்ந்து இருந்தால்தான் ஆக்சிஜன் தேவை என்று பெரும்பாலான வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. இன்னும் சிறிய குழந்தைக்கும் இதய நோய், நுரையீரல் நோய் உள்ள குழந்தைக்கும் 92% என்று கொஞ்சம் உயர்த்தி வைப்பார்கள். 93% இருக்கும் குழந்தைக்கு 98% காட்ட வேண்டும் என்பதற்காக ஆக்சிஜனைக் கூட்டினால் மானிட்டர் அழகாகத் தெரியும், குழந்தைக்கு ஒரு லாபமும் இல்லை. ஆஸ்பத்திரி நாள்தான் நீளும்.

அந்த எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆக்சிஜனை அளக்கப் பாதத்தில் கட்டும் ப்ரோபின் ஒளி விடும் பக்கமும் ஒளியை வாங்கும் பக்கமும் பாதத்தின் இரு புறமும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். பாதம் சில்லென்று இருந்தாலோ, பட்டை இறுக்கமாகக் கட்டியிருந்தாலோ, குழந்தை காலை உதைத்தாலோ, மேலே பலமான விளக்கு எரிந்தாலோ எண் தாறுமாறாகும். 82 என்று அலறினால் முதலில் குழந்தையின் உதட்டைப் பாருங்கள், பிறகு மானிட்டரின் அலையைப் பாருங்கள். அலை ஒழுங்காக எழும்பி, அதில் காட்டும் இதயத்துடிப்பு ஸ்டெதஸ்கோப்பில் எண்ணியதோடு ஒத்துப்போனால்தான் அந்த 82 உண்மை. தோல் கருமையாக இருந்தால் கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். விளிம்பில் நிற்கும் எண்களில் இதையும் மனதில் வைக்க வேண்டும். தேறி வரும் குழந்தை ஆழ்ந்து தூங்கும்போது சில விநாடி 90-க்குக் கீழே இறங்கித் தானே ஏறுவது சகஜம். அதனால்தான் நிலை சீரானதும் தொடர் மானிட்டரைக் கழற்றிவிட்டு, சில மணிக்கு ஒருமுறை மட்டும் பார்க்கிறார்கள்.

மூக்கில் வைக்கும் சாதாரண இரட்டைக் குழாயில் கைக்குழந்தைக்கு நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் வரை போகும். அதற்கு மேல் கூட்டினால் ஈரமில்லாத குளிர்ந்த காற்று மூக்கை உலர்த்தி, சளியைக் காய்ந்த பொருக்காக்கி அடைத்துவிடும். அது போதாதபோது வருவது ஹை ஃப்ளோ: 37 டிகிரிக்குச் சூடேற்றி, ஈரமூட்டி, கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் வரை. 6 கிலோ குழந்தைக்கு 12 லிட்டர். கேட்கப் பயங்கரமாக இருக்கும். சூடும் ஈரமும் இருப்பதால் குழந்தைகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்வார்கள். மூக்கில் செருகும் முனை துவாரத்தில் பாதிக்கு மேல் அடைக்கக்கூடாது, காற்று வெளியேற இடம் வேண்டும். வயிறு உப்பினால் குழாய் வழியாகக் காற்றை வெளியே விட வேண்டும்.

ஹை ஃப்ளோவை அட்மிட் ஆன உடனே எல்லோருக்கும் வைக்கலாமே என்று தோன்றலாம். 2018-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சாதாரண ஆக்சிஜனில் தொடங்கியவர்களில் 23 சதவீதத்தினருக்கும், ஹை ஃப்ளோவில் தொடங்கியவர்களில் 12 சதவீதத்தினருக்கும் சிகிச்சையை அடுத்த படிக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் ஐ.சி.யு.வுக்குப் போனவர்களின் விகிதத்திலும் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலும் வித்தியாசமில்லை. சாதாரணக் குழாயில் தொடங்கி, தேவைப்பட்டால் ஏறுவது நியாயமான வழிதான். ஹை ஃப்ளோ வைத்து ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் மூச்சு வேகமும் இதயத்துடிப்பும் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் காத்திருக்காமல் சிபாப்புக்கும் (தொடர் அழுத்தத்தில் காற்று தரும் கருவி) ஐ.சி.யு.வுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆக்சிஜனுக்கு அடுத்தது பால். உண்மையில் இந்த நோயில் நிறைய அட்மிஷன் பால் குடிக்க முடியாததால்தான். கைக்குழந்தை மூக்கால் மூச்சு விட்டபடிதான் உறிஞ்சும். மூக்கு அடைத்தால் இரண்டும் நடக்காது. நிமிடத்துக்கு 60-70 மூச்சு விடும் குழந்தைக்கு வாயில் கொடுத்தால் பால் மூச்சுக்குழலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. வழக்கத்தில் பாதிகூடக் குடிக்கவில்லை, 12 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் குழாய்தான்.

உங்கள் குழந்தையின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முதல் 10 கிலோ வரை கிலோவுக்கு 100 மி.லி. என்பது ஒரு நாளைக்கான அடிப்படைத் திரவ அளவு. 6 கிலோவுக்கு 600 மி.லி. மூச்சுத் திணறல் அதிகமாக இருக்கும்போது பலர் இதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 400 மி.லி. தருவார்கள். மூன்று மணிக்கு ஒருமுறை என்றால் வேளைக்கு 50 மி.லி.; இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் 33 மி.லி. 'வீட்டில் 120 குடிப்பானே, இங்கே 33 தருகிறார்கள்' என்று சண்டை போட வேண்டாம். வயிறு நிறைந்தால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு மூச்சு இன்னும் கஷ்டமாகும். தாய்ப்பாலைப் பிழிந்து குழாயில் கொடுக்கலாம், அதுவே நல்லது. குழாயைக் காரணம் காட்டிப் பிழிவதை நிறுத்தினால் குழந்தை தேறும் நேரத்தில் பால் வற்றியிருக்கும்.

குழாயின் நீளம் மூக்கு நுனியிலிருந்து காது மடலுக்கும், அங்கிருந்து மார்பெலும்பின் கீழ்நுனிக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளி வரைக்கும் அளந்து குறிக்கப்படுகிறது. ஒவ்வொரு வேளைக்கும் முன் சிரிஞ்சில் கொஞ்சம் இழுத்து பி.எச். காகிதத்தில் சோதிப்பார்கள், 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நுனி வயிற்றில் இருக்கிறது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் காற்றை ஊதி சத்தம் கேட்டுவிட்டு 'சரி' என்பது நம்பகமான சோதனை அல்ல. குழந்தை பலமாக இருமியோ வாந்தி எடுத்தோ பிளாஸ்டர் நகர்ந்திருந்தால் மறுபடி சோதிக்காமல் ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது.

டிரிப் போடும் அளவுக்குப் போனால் கவனிக்க வேண்டியது சோடியம். நுரையீரல் நோயில் உடம்பு தண்ணீரைத் தேக்கி வைக்கும் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அப்போது உப்பு குறைந்த டிரிப்பை முழு அளவில் ஏற்றினால் இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போய் வலிப்பு வரைக்கும் கொண்டுவிடும். அதனால் 0.9% சோடியம் குளோரைடும் 5% டெக்ஸ்ட்ரோஸும் கலந்த திரவம், குறைத்த வேகத்தில், தினமும் எலக்ட்ரோலைட் (இரத்தத்தின் உப்புகள்) பார்த்துக்கொண்டு. 6 கிலோவுக்கு மூன்றில் இரண்டு பங்கு என்றால் மணிக்கு சுமார் 16-17 மி.லி. டிரிப்பில் இருக்கும் குழந்தை திடீரென்று மந்தமானால் மூச்சை மட்டும் பார்க்காமல் சோடியத்தையும் பார்க்க வேண்டும்.

சளி உறிஞ்சலில் 'ஆழமாக எடுத்தால் நன்றாக வரும்' என்ற எண்ணம் தவறு. குழாயைத் தொண்டை வரை விட்டு உறிஞ்சினால் உள்தோல் வீங்கி அடைப்பு கூடும். அப்படி அடிக்கடி செய்த குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அதிக நாள் இருந்திருக்கிறார்கள். அதேபோல, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருமுறைகூட உறிஞ்சாமல் விட்டவர்களும் அதிக நாள் இருந்திருக்கிறார்கள். சரியான வழி: ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மூன்று சொட்டு உப்புநீர், அரை நிமிடம் பொறுத்து, மூக்கின் வாசலில் மட்டும் உறிஞ்சல். பாலுக்கு முன்னும் தூங்கும் முன்னும் செய்யலாம். பாலுக்குப் பின் செய்தால் வாந்தி வரும்.

எக்ஸ்ரே வழக்கமாகத் தேவையில்லை. எடுத்தால்தான் சில நேரம் சிக்கல். சளி அடைத்து நுரையீரலின் ஒரு பகுதி, முக்கியமாக வலது மேல் மடல், காற்றில்லாமல் சுருங்கி வெள்ளையாகத் தெரியும். அதை நிமோனியா என்று படித்து ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார்கள். வார்டில் தேவையில்லாத ஆன்டிபயாடிக்குகளில் கணிசமானவை இந்த வெள்ளை நிழலிலிருந்தே பிறக்கின்றன.

ஸ்வாபில் இரண்டு வைரஸ் வந்ததற்குப் பயப்பட வேண்டாம். ஸ்வாபைச் சோதிக்கும் பி.சி.ஆர். உயிருள்ள வைரஸையும் செத்த துண்டையும் பிரித்துச் சொல்லாது. ரைனோ வைரஸ் ஒரு சளிக்குப் பிறகு வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். நோயே இல்லாத குழந்தைகளின் மூக்கிலும் அடிக்கடி கிடைக்கும். போக்கா வைரஸ் மாதக்கணக்கில் காட்டும். ஆர்.எஸ்.வி., இன்ஃப்ளுயன்ஸா, மெட்டாநிமோ வைரஸ் இருந்தால் நோய்க்குக் காரணம் அதுதான் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். டெஸ்ட் எடுப்பதில் இரண்டு லாபம்தான்: எந்தக் குழந்தையை எங்கே படுக்க வைப்பது என்று தெரியும், மருந்துள்ள வைரஸ் தப்பாமல் மாட்டும்.

அந்த மருந்துள்ள வைரஸ் இன்ஃப்ளுயன்ஸா. அதற்கான மருந்து ஒசெல்டாமிவிர். அதை முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம். ஆனால் அட்மிட் ஆகும் அளவுக்கு நோய் முற்றிய குழந்தைக்கு 48 மணி கடந்தாலும் கொடுக்க வேண்டும், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவும் கூடாது. எட்டு மாதம் வரை ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 3 மி.கி., தினம் இரண்டு வேளை, ஐந்து நாள். 6 கிலோவுக்கு 18 மி.கி. மி.லி.க்கு 6 மி.கி. உள்ள சிரப்பில் அது 3 மி.லி. வாந்தி வரலாம். இன்ஃப்ளுயன்ஸா உள்ள குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே சிண்ட்ரோம் வரக்கூடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., நாளுக்கு நான்கு டோஸ் போதும்.

இதே வார்டில் பக்கத்துப் படுக்கைக்கு ஸ்டீராய்டு கொடுப்பதைப் பார்த்து 'நமக்கு மட்டும் ஏன் இல்லை' என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே இருப்பது பெரும்பாலும் குரூப்: பாரா இன்ஃப்ளுயன்ஸா வைரஸால் குரல்வளைக்குக் கீழே வீங்குவது. நாய் குரைப்பது போன்ற இருமல், மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற சத்தம். அதற்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கிலோவுக்கு 0.15 முதல் 0.6 மி.கி. ஒரே டோஸ் அருமையாக வேலை செய்யும். அட்ரினலின் நெபுலைசரும் உதவும்; ஆனால் அதன் பலன் இரண்டு மணி நேரத்தில் தேய்ந்துவிடும் என்பதால், வைத்த கையோடு வீட்டுக்கு அனுப்பக்கூடாது. அதேபோல் மூன்று நான்கு வயதில் ஒவ்வொரு சளிக்கும் இழுப்பு வரும் குழந்தைக்கு சால்பியூட்டமால் பலன் தரும்; அங்கே தசை இறுக்கம் உண்மையிலேயே இருக்கிறது. வைரஸ் ஒன்றாகவே இருக்கலாம், அடைபட்ட இடமும் வயதும் வேறு.

அடினோ வைரஸ் டாக்டர்களையே குழப்பும். ஐந்தாறு நாள் விடாத உயர் காய்ச்சல், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. எகிறும், பாக்டீரியா என்றே தோன்றும். சில வகைகள் சிறு குழல்களைத் தழும்பாக்கி நிரந்தரமாக அடைத்துவிடும். நோய் போய் வாரங்கள் கழித்தும் வேக மூச்சும் குறைந்த ஆக்சிஜனும் நீடித்தால் அதை நினைக்க வேண்டும். தட்டம்மையோடு வரும் நிமோனியாவில் வைட்டமின் ஏ தவறக்கூடாது. ஆறு மாதத்துக்குள் 50,000 யூனிட், 6 முதல் 11 மாதம் 1,00,000, ஒரு வயதுக்கு மேல் 2,00,000. அடுத்தடுத்த இரண்டு நாள்.

ஆன்டிபயாடிக் எப்போது வேண்டும்? இறங்கிய காய்ச்சல் இரண்டு நாள் கழித்துத் திரும்ப எகிறினால். ஒரு பக்க நெஞ்சில் மட்டும் மூச்சொலி குறைந்தால். குழந்தை நோயின் அளவை மீறி வெளிறிப்போனால். இன்ஃப்ளுயன்ஸாவுக்குப் பின்னால் ஸ்டெஃபிலோகாக்கஸ், நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்கள் வருவது பழைய கதை. வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைகளில் பாக்டீரியா சேர்ந்திருப்பது அதிகம். அங்கே ஆன்டிபயாடிக் தொடங்கத் தயங்கமாட்டார்கள். இரண்டு மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தால், ஆர்.எஸ்.வி. பாசிட்டிவ் என்றாலும் சிறுநீரைச் சோதிப்பது நல்லது. இந்த வயதில் கூட வரும் பாக்டீரியத் தொற்றில் முன்னால் நிற்பது சிறுநீர்த் தொற்று.

இனி பரவுவதைப் பற்றி. 1981-ல் கரோலின் பிரீஸ் ஹாலும் ராபர்ட் டக்ளஸும் வெளியிட்ட சோதனை இன்றும் வார்டுகளின் அடிப்படைப் பாடம். ஆர்.எஸ்.வி. உள்ள குழந்தைகளைத் தூக்கிக் கவனித்த 7 பேரில் 5 பேருக்குத் தொற்று வந்தது. குழந்தை இல்லாத நேரத்தில் அதன் படுக்கையையும் பொருட்களையும் தொட்டுவிட்டுத் தங்கள் கண்ணையும் மூக்கையும் தேய்த்த 10 பேரில் 4 பேருக்கு வந்தது. ஆறடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்திருந்த 14 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அதாவது கைதான் முக்கியப் பாதை. ஆர்.எஸ்.வி. கடினமான பரப்பில் பல மணி நேரம் தாங்கும். கட்டில் கம்பி, மானிட்டர் பொத்தான், ஸ்டெதஸ்கோப், உங்கள் செல்போன் எல்லாம் கணக்கில் வரும். அந்த செல்போனை யாரும் துடைப்பதில்லை.

ஆர்.எஸ்.வி.யையும் இன்ஃப்ளுயன்ஸாவையும் ஆல்கஹால் கைத்தேய்ப்பு நன்றாகக் கொல்லும். அடினோவுக்கும் ரைனோவுக்கும் கொழுப்புறை இல்லாததால் ஆல்கஹாலுக்கு அவ்வளவாக மசியாது. சோப்பும் தண்ணீரும், பரப்புகளுக்கு குளோரின் கரைசலும் வேண்டும். கையுறை போட்டிருப்பவர் அதே கையுறையோடு அடுத்த படுக்கைக்குப் போனால் வெறும் கையைவிட மோசம். ஒரே வைரஸ் உள்ளவர்களை ஒரே அறையில் சேர்ப்பது சரி. ரிசல்ட் வராதவரை 'எல்லாம் சளிதானே' என்று சேர்ப்பது தவறு. இதய நோயோ எதிர்ப்புச் சக்திக் குறைவோ உள்ள குழந்தை வார்டில் நான்காம் நாள் புதிதாக மூக்கொழுகத் தொடங்கினால், அது ஆஸ்பத்திரியிலேயே வாங்கியதாக இருக்கலாம். பொதுவாகக் குழந்தைகள் 3 முதல் 8 நாள் வரை ஆர்.எஸ்.வி.யைப் பரப்புவார்கள், சிறு குழந்தைகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் மூன்று நான்கு வாரம் வரைகூட. சளியோடு இருக்கும் பார்வையாளரை, தாத்தா பாட்டியாகவே இருந்தாலும், உள்ளே விடாதீர்கள். மனம் புண்படும், பரவாயில்லை.

வீட்டுக்கு அனுப்பச் சளி முழுதாகப் போக வேண்டியதில்லை. ஆக்சிஜன் இல்லாமல் நான்கு மணி நேரம், அதில் ஒரு தூக்கமும் சேர்த்து, அளவு 90-க்கு மேல் நிற்க வேண்டும். வழக்கத்தில் முக்கால் பங்கு பாலை வாயால் குடிக்க வேண்டும். மூச்சுப் போராட்டம் இருக்கக்கூடாது. இருமல் இரண்டு மூன்று வாரம் நீடிக்கும், ஏனென்றால் உரிந்த நுண்மயிர்கள் மறுபடி வளர அவ்வளவு நாளாகும். அதற்காக இருமல் சிரப் வாங்காதீர்கள். இந்த வயதில் பலனில்லை, மயக்கமும் மூச்சடக்கமும் வரலாம். வீட்டில் யாரும் புகைக்கக்கூடாது, மொட்டை மாடியில் புகைத்துவிட்டு வந்து தூக்குவதும் சேர்த்துத்தான்.

ஆர்.எஸ்.வி. ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பதில்லை. ஆனால் இரண்டாவது முறை பெரும்பாலும் லேசாக இருக்கும். அடுத்த பிரசவத்துக்குத் திட்டமிருந்தால், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாய்க்குப் போடும் ஆர்.எஸ்.வி. தடுப்பூசியும், பிறந்த குழந்தைக்கு ஒரே ஊசியாகப் போடும் நிர்செவிமாப் ஆன்டிபாடியும் (5 கிலோவுக்குக் கீழ் 50 மி.கி., அதற்கு மேல் 100 மி.கி.) உங்கள் நாட்டில் கிடைக்கின்றனவா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று போதும்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு பால் பாதியாகக் குறைந்தாலோ, 12 மணி நேரம் டயபர் நனையவில்லை என்றாலோ, முனகல் கேட்டாலோ, மூச்சு இடையில் நின்று நின்று வந்தாலோ, உதடு நீலமானாலோ, எழுப்பினாலும் முழுதாக விழிக்கவில்லை என்றாலோ மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். கேஸ் ஷீட் நகலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் மூக்கொழுகல் எந்தத் தேதியில் தொடங்கியது என்று குறித்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள்.